குதிரையேறி நரி வேட்டை: இங்கிலாந்தின் வேட்டைக்களத்தில் புதியவர் நுழைந்த வரலாறு

நரி வேட்டை என்பது மோப்பம் பிடிக்கப் பழக்கப்பட்ட நாய்க்கூட்டம் செந்நரியைத் துரத்த, அந்த நாய்களைக் குதிரை மீதேறிப் பின்தொடரும் வேட்டை முறையாகும். இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டில் இது இன்றைய வடிவத்தைப் பெற்றது. அங்கிருந்து அயர்லாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இந்தியா ஆகிய நாடுகளுக்கும் பரவியது. குதிரையில் செல்பவர் நரியைக் கொல்வதில்லை. அவர் கையில் துப்பாக்கியோ ஈட்டியோ இருப்பதும் இல்லை. வேட்டையாடுவது நாய்கள், மனிதர் அவற்றைத் தொடர்கிறார். இதை முதலில் புரிந்துகொண்டால்தான் இவ்வேட்டையின் விதிகள் விளங்கும்.

புதிதாக ஒருவர் இதில் எப்படிச் சேர்ந்தார், என்ன கற்றார், யாருக்கு இடம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற கேள்விகளின் வழியே பார்த்தால், இது ஒரு விளையாட்டின் வரலாறாக மட்டுமின்றி ஆங்கிலேயக் கிராமச் சமூகத்தின் வரலாறாகவும் அமைகிறது.

தொல்லை விலங்கிலிருந்து வேட்டைப்பொருளுக்கு

இடைக்கால இங்கிலாந்தில் மன்னரும் பிரபுக்களும் மானையே மதிப்புக்குரிய வேட்டை விலங்காகக் கருதினர். நரி ஆட்டுக்குட்டியையும் கோழியையும் தூக்கிச் செல்லும் தொல்லை விலங்கு. முதலாம் எலிசபெத் ஆட்சியில் 1566இல் இயற்றப்பட்ட சட்டம், பயிருக்கும் கால்நடைக்கும் கேடு செய்யும் உயிரினங்களைப் பட்டியலிட்டு, அவற்றைக் கொன்று தலையைக் கொண்டு வருபவருக்கு ஊர்த் தேவாலய நிர்வாகிகள் பணம் தர வேண்டும் என்றது. நரியும் அந்தப் பட்டியலில் இருந்தது.

17ஆம் நூற்றாண்டின் நடுவில் நடந்த உள்நாட்டுப் போரில் பிரபுக்களின் மான் பூங்காக்கள் பல அழிந்தன. காடுகளும் சுருங்கின. மான் அரிதானபோது நிலவுடைமையாளர்களின் கவனம் முயல் மீதும் நரி மீதும் திரும்பியது. அடுத்த நூற்றாண்டில் பொதுநிலங்கள் வேலியிடப்பட்டுத் தனியுடைமையாயின. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உழுநிலங்கள் பல புல்வெளிகளாக மாறின. பரந்த புல்வெளி, இடையிடையே உயிர்வேலி, அதையொட்டிய பள்ளம் என்ற இந்த நிலக்காட்சியே வேகமாகக் குதிரை ஓட்டித் தாவும் வேட்டைக்குக் களமாயிற்று.

மெய்னெல் கொண்டுவந்த வேகம்

நவீன நரி வேட்டையின் தந்தை எனப்படுபவர் லெஸ்டர்ஷயரைச் சேர்ந்த ஹ்யூகோ மெய்னெல் (1735–1808). இவர் 1753 முதல் 1800 வரை குவார்ன் வேட்டைக்குழுவின் தலைவராக இருந்தார். அதற்கு முன்பு வேட்டைக்காரர்கள் விடியுமுன் புறப்பட்டு, இரவில் இரை தேடிவிட்டுத் திரும்பிய நரியின் தடத்தை மெல்லத் தொடர்ந்தனர். வயிறு நிறைந்த நரியால் வேகமாக ஓட முடியாது. மெதுவான நாய்களே போதுமாயிருந்தன.

மெய்னெல் வேகமும் மோப்பத்திறனும் ஒருங்கே அமைந்த நாய்களைத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்தார். அதே வட்டாரத்தில் ராபர்ட் பேக்வெல் ஆடுமாடுகளில் இத்தகைய இனத்தேர்வைச் செய்துகொண்டிருந்த காலம் அது. புதிய நாய்களால் முற்பகலில் புறப்பட்டு, செரிமானம் முடிந்து விரைந்து ஓடும் நரியையும் துரத்த முடிந்தது. விடியுமுன் எழத் தேவையில்லாத, வேகமும் ஆபத்தும் நிறைந்த இந்த வேட்டை நகரத்து இளைஞர்களை ஈர்த்தது. குவார்ன், பெல்வோர், காட்டெஸ்மோர் ஆகிய மூன்று குழுக்களின் எல்லைகளும் சந்திக்கும் மெல்டன் மௌப்ரே என்ற சிற்றூர், குளிர்காலம் முழுவதும் குதிரைகளோடு வந்து தங்கும் செல்வர்களால் நிறைந்தது. பிறந்த ஊரின் வேட்டையில் வளர்ந்தவர் அல்லாத புதியவர் என்றொரு வகையினர் பெருமளவில் தோன்றியது இக்காலத்தில்தான்.

புதியவருக்கான முதல் நூல்கள்

பீட்டர் பெக்ஃபோர்டு 1781இல் வேட்டை பற்றிய தம் நூலை வெளியிட்டார். நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதங்களாக அது அமைந்துள்ளது. நாய்க்கொட்டில் கட்டுவது, நாய்களுக்கு உணவிடுவது, குட்டிகளைப் பழக்குவது, களத்தில் நாய்களை நடத்துவது என எல்லாவற்றையும் அது விளக்குகிறது. தந்தையிடமிருந்து மகனும் எசமானிடமிருந்து பணியாளரும் கண்டு கற்ற ஒரு கலை, அச்சில் படித்துக் கற்கக்கூடியதாக மாறியதற்கு இந்நூல் சான்று.

1820களில் ‘நிம்ராட்’ என்ற புனைபெயரில் எழுதிய சார்லஸ் ஜேம்ஸ் ஆப்பர்லி, வேட்டைக்குழுக்களை நேரில் கண்டு எழுதிய கட்டுரைகளால் புகழ்பெற்றார். அவருக்குப் பின் வந்த ராபர்ட் ஸ்மித் சர்டீஸ், ஜாரக்ஸ் என்ற நகைச்சுவைப் பாத்திரத்தைப் படைத்தார். ஜாரக்ஸ் லண்டன் மளிகை வணிகர். உச்சரிப்பு கொச்சை, உடல் பருமன், ஆனால் வேட்டை மீது தீராத மோகம். 1843இல் வெளிவந்த நாவலில் அவர் ஒரு வேட்டைக்குழுவின் தலைவராகவே ஆகி, புதியவர்களுக்கு விரிவுரை ஆற்றுகிறார். வணிகர் சிவப்புக் கோட்டு அணிந்து பிரபுக்களோடு சவாரி செய்வதைக் கண்டு வாசகர்கள் சிரித்தனர். அத்தகையோர் உண்மையிலேயே களத்துக்கு வரத் தொடங்கியிருந்ததால்தான் அந்தச் சிரிப்புக்குப் பொருள் இருந்தது.

களத்தின் அமைப்பு

புதியவர் முதலில் அறிய வேண்டியது யார் யார் எந்தப் பொறுப்பில் இருக்கிறார்கள் என்பதே.

மாஸ்டர்: குழுவின் தலைவர். நாய்கள், நிலவுடைமையாளருடனான உறவு, அன்றைய திட்டம் அனைத்துக்கும் பொறுப்பானவர். களத்தில் அவர் சொல்லே இறுதி.

ஹன்ட்ஸ்மேன்: நாய்களை நடத்துபவர். குரலாலும் சிறிய ஊதுகொம்பாலும் நாய்களுக்குக் கட்டளை தருவார். ஒவ்வொரு நாயின் பெயரையும் குரலையும் அறிந்திருப்பார். சில குழுக்களில் மாஸ்டரே இப்பணியைச் செய்வதும் உண்டு.

விப்பர்-இன்: ஹன்ட்ஸ்மேனின் உதவியாளர். கூட்டத்தை விட்டு விலகும் நாய்களைச் சாட்டை ஒலியால் திருப்பிக் கொண்டுவருபவர்.

ஃபீல்ட் மாஸ்டர்: பின்தொடரும் சவாரிக்காரர்களை வழிநடத்துபவர். புதியவர் உட்பட யாரும் இவரை முந்திச் செல்லக் கூடாது.

நாய்களை ஒன்று, இரண்டு என எண்ணுவதில்லை. இணை இணையாக எண்ணுவர். 35 நாய்கள் இருந்தால் பதினேழரை இணை. நாயின் வாலுக்கும் நரியின் வாலுக்கும் முகத்துக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. இச்சொற்களைத் தவறாகப் பயன்படுத்துபவர் புதியவர் என்பது உடனே தெரிந்துவிடும்.

வேட்டைநாள் ஒரு குறித்த இடத்தில் கூடுவதோடு தொடங்கும். பிறகு நாய்கள் புதர்க்காட்டுக்குள் அனுப்பப்படும். மோப்பம் கிடைத்ததும் அவை குரல் எழுப்பும். நரி வெளியேறிய பின் துரத்தல் தொடங்கும். நரி வளைக்குள் புகுந்து தப்பிவிடாதிருக்க, முந்தைய இரவே வளைகளின் வாயை அடைத்து வைக்க ஆட்கள் இருந்தனர். பகலில் பார்ப்பவருக்கு வெளிப்படையான ஓட்டப்பந்தயம் போலத் தோன்றிய ஒன்று, இரவில் இப்படி ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது.

புதியவரின் முதல் பருவம்

முறையான வேட்டைப் பருவம் நவம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து மார்ச் வரை நீடிக்கும். அறுவடை முடிந்து, பயிர் முளைவிடுமுன் உள்ள காலம் இது. இதற்கு முன்பு இலையுதிர்காலத்தில் இளம் நாய்களைப் பழக்கும் வேட்டை நடக்கும். அதிகாலையில், மெதுவாக, ஆடம்பரமின்றி நடக்கும் இதில்தான் இளம் குதிரைகளும் புதிய சவாரிக்காரர்களும் பழகினர்.

சவாரிப் பள்ளியில் நன்றாகக் குதிரை ஓட்டுபவருக்கும் வேட்டைக்களம் வேறு உலகம். ஐம்பது குதிரைகள் ஒன்றாகப் பாயும்போது அமைதியான குதிரையும் அடங்காது. தாவவேண்டிய வேலிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஆகவே, புதியவருக்குத் தரப்பட்ட அறிவுரை பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தது: களம் அறிந்த, வயது முதிர்ந்த குதிரையில் முதலில் செல்ல வேண்டும், பின்வரிசையில் நிற்க வேண்டும். குதிரை இல்லாதவர்கள் வாடகைக் குதிரை எடுத்தனர். செல்வர்களோ நண்பகலில் மாற்றிக்கொள்ள இரண்டாவது குதிரையையும் பணியாளிடம் கொடுத்து வரச் செய்தனர்.

தாவும்போது பின்னால் சாய்ந்து அமர்வதே 19ஆம் நூற்றாண்டு முழுதும் சரியான முறையாகக் கருதப்பட்டது. இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடரிகோ காப்ரிலி (1868–1907), சவாரிக்காரர் முன்னோக்கிச் சாய்ந்து குதிரையின் அசைவோடு செல்ல வேண்டும் என்று காட்டினார். ஆங்கிலேய வேட்டைக்காரர்கள் இதை ஏற்கத் தயங்கினர். பின்னர் மெல்ல ஏற்றனர். 1929இல் சிறார்களுக்காகத் தொடங்கப்பட்ட போனி கிளப், வேட்டைக்குழுக்களோடு இணைந்து புதிய தலைமுறைக்கு முறையான சவாரிப் பயிற்சி அளித்தது.

மரபும் மரியாதையும்

புதியவர் காலையில் மாஸ்டரைத் தேடிச் சென்று வணக்கம் சொல்ல வேண்டும். நாள் முடிவில் விடைபெற வேண்டும். நாய்கள் அருகில் கடந்தால் குதிரையின் தலையை அவற்றை நோக்கித் திருப்பி நிற்க வேண்டும். பின்கால் பட்டு நாய்க்கு அடிபட்டால் அதைவிடப் பெரிய குற்றம் களத்தில் இல்லை. உதைக்கும் குதிரையின் வாலில் சிவப்பு நாடாவும், பழக்கமற்ற இளம் குதிரையின் வாலில் பச்சை நாடாவும் கட்டப்படும். கடந்து வந்த கதவை மூட வேண்டும். விதைத்த நிலத்தின் ஓரமாகவே செல்ல வேண்டும்.

உடையிலும் படிநிலை உண்டு. புதியவர் கறுப்புக் கோட்டு அணிவார். குழுவின் சின்னம் பொறித்த பொத்தானை அணியும் உரிமையை மாஸ்டர் அழைத்துத் தந்தால் மட்டுமே பெறலாம். சிவப்புக் கோட்டைப் ‘பிங்க்’ என்று அழைப்பது வழக்கம். பிங்க் என்ற தையற்காரரின் பெயரால் அது வந்தது என்ற கதைக்குச் சான்று இல்லை. கழுத்தில் கட்டும் நீண்ட வெள்ளைத் துணி அலங்காரத்துக்கு மட்டுமல்ல. அடிபட்டால் கட்டுப்போட உதவும் என்பதும் சொல்லப்படும் காரணம்.

குழுவின் உறுப்பினர் ஆண்டுச் சந்தா கட்டுவார். ஒருநாள் வருபவர் அன்றைய கட்டணம் செலுத்துவார். முதன்முதலாக நரி கொல்லப்படுவதைக் கண்ட புதியவரின், பெரும்பாலும் சிறுவரின், கன்னத்தில் நரியின் இரத்தத்தைப் பூசும் சடங்கும் இருந்தது. அதன் பின்னரே அவர் குழுவில் ஒருவரானார். இச்சடங்கு 20ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. பின்னாளில் எதிர்ப்பாளர்கள் முதன்மையாகச் சுட்டிக்காட்டியவற்றுள் இதுவும் ஒன்று.

யாருக்கு இடம் இருந்தது?

எல்லோருக்கும் திறந்த விளையாட்டு என்று நரி வேட்டையை அதன் ஆதரவாளர்கள் பெருமையாகக் கூறினர். இதில் ஓரளவு உண்மை உண்டு. பிரபுவும் குத்தகை விவசாயியும் ஒரே களத்தில் சவாரி செய்தனர். நாவலாசிரியர் ஆந்தனி டிராலப் 1841இல் அஞ்சல்துறை எழுத்தராக அயர்லாந்துக்குச் சென்றபோது வேட்டையில் இறங்கினார். கண்பார்வை குறைந்தவர், உடல் கனத்தவர். எனினும் பல பத்தாண்டுகள் விடாமல் வேட்டைக்குச் சென்றார், நாவல்களில் அதை எழுதவும் செய்தார். மான்செஸ்டரில் பருத்தி ஆலைத் தொழிலை நடத்திய ஃபிரெடரிக் ஏங்கெல்சும் செஷயர் வேட்டைக்குழுவோடு சவாரி செய்தவரே. கார்ல் மார்க்சின் தோழர் நரி வேட்டைக்குச் சென்றார் என்பது பலருக்கு வியப்பளிக்கும் செய்தி. ரயில் வந்தபோது வேட்டை அழியும் என்று அஞ்சினர். மாறாக, அது லண்டன்வாசிகளைக் குதிரையோடு களத்துக்குக் கொண்டுவந்தது.

ஆனால் குதிரையும் தீனியும் லாயமும் வைத்துக்கொள்ள முடிந்தவருக்கே இந்தத் திறந்த கதவு பயன்பட்டது. கூலித் தொழிலாளி கால்நடையாகப் பின்தொடர்ந்தார், அல்லது கதவைத் திறந்துவிட்டுச் சில்லறை பெற்றார்.

பெண்கள் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் களத்தில் அரிதாகவே காணப்பட்டனர். இரு கால்களையும் ஒரே பக்கம் வைத்து அமரும் சேணத்தில் தாவுவது ஆபத்து. 1830களில் அச்சேணத்தில் இடது தொடையைத் தாங்கும் இரண்டாவது கொம்பு சேர்க்கப்பட்டதும் பெண்களால் உறுதியாக அமர்ந்து வேலி தாவ முடிந்தது. ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத் 1870களில் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் வேட்டைக்காகவே வந்து, முன்னணியில் சவாரி செய்து புகழ்பெற்றார். ஒரு சேணத்தில் ஏற்பட்ட சிறு மாற்றம், அதுவரை விலக்கப்பட்டிருந்தவர்களுக்கு வழி திறந்தது.

வேட்டையின் உண்மையான விலையைக் கொடுத்தவர்களுள் விவசாயி முக்கியமானவர். அவர் அனுமதி இல்லாமல் எந்தக் குழுவும் ஒரு வயலைக்கூடக் கடக்க முடியாது. கோழி இழப்புக்கும் வேலிச் சேதத்துக்கும் குழுக்கள் இழப்பீடு தந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் முள்கம்பி வேலி வந்தபோது, தாவும் குதிரைக்கு அது உயிராபத்து ஆனதால், கம்பியை அகற்றத் தனி நிதி திரட்டப்பட்டது. தொல்லை விலங்கை ஒழிக்கிறோம் என்று கூறிய அதே குழுக்கள், வேட்டைக்கு நரி கிடைக்கவேண்டும் என்று புதர்க்காடுகளை வளர்த்துக் காத்ததும் உண்டு. இந்த முரண்பாடு இவ்வேட்டையோடு தொடக்கம் முதல் இருந்துவருகிறது.

கடல் கடந்த வேட்டை: நீலகிரி

ஆங்கிலேயர் குடியேறிய இடமெல்லாம் இவ்வேட்டையைக் கொண்டுசென்றனர். அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டன் நரி வேட்டையில் பெருவிருப்பம் கொண்டவர். ஆஸ்திரேலியாவில் நரியே இல்லாததால், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்திலிருந்து செந்நரிகளைக் கொண்டுவந்து விட்டனர். அவை கண்டத்தின் பெரும்பகுதியில் பரவி அந்நாட்டுச் சிறு பாலூட்டிகளை அழிக்கும் பெருங்கேடாயின.

இந்தியாவில் செந்நரிக்குப் பதில் குள்ளநரி துரத்தப்பட்டது. பெஷாவரிலும் உதகமண்டலத்திலும் இருந்த வேட்டைக்குழுக்கள் பெயர்பெற்றவை. ஆங்கிலேய வேட்டை நாய்களால் சமவெளியின் வெப்பத்தைத் தாங்க முடியவில்லை. நீலகிரியின் குளிரும் சோலைகளுக்கிடையே விரிந்த புல்வெளிகளும் அவற்றுக்கு ஏற்றவையாயிருந்தன. இங்கிலாந்தில் வேட்டைக்குச் செல்ல வசதியற்ற இளம் அதிகாரியும் இங்கே குறைந்த செலவில் குதிரை வைத்து, சிவப்புக் கோட்டு அணிந்து களமிறங்க முடிந்தது. உதகையின் வேட்டைக்களமான வென்லாக் புல்வெளி, 1891 முதல் 1896 வரை சென்னை ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரைக் கொண்டது. ஆனால் அது வெற்றுநிலமாக இருந்ததில்லை. தோடர்கள் தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்த புல்வெளிகளே குதிரைகள் பாயும் களமாகவும் ஆயின.

விடுதலைக்குப் பிறகு, வெலிங்டனில் உள்ள படைத்துறை அலுவலர் கல்லூரியின் அதிகாரிகள் இம்மரபைத் தொடர்ந்தனர். 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் இந்தியாவில் விலங்கைத் துரத்திக் கொல்லும் இத்தகைய வேட்டைக்கு இடமில்லை. நரியைப் பரியாக்கிய திருவிளையாடலைக் கேட்டு வளர்ந்த தமிழ் மண்ணில், பரியேறி நரியைத் துரத்திய இந்த அத்தியாயம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்தது.

அறக்கேள்வியும் தடையும்

மகிழ்ச்சிக்காக ஓர் உயிரைத் துரத்தலாமா என்ற கேள்வி புதிதன்று. 1869இல் வரலாற்றாசிரியர் எட்வர்ட் ஃப்ரீமன் இவ்வேட்டையைக் கொடுமை என்று கண்டித்து எழுதினார்; டிராலப் அதே இதழில் மறுப்பு எழுதினார். 1924இல் கொடிய விளையாட்டுகளுக்கு எதிரான சங்கம் தொடங்கப்பட்டது. 1963இல் களத்திலேயே சென்று வேட்டையைக் குலைக்கும் எதிர்ப்பாளர் அமைப்பு உருவானது. இவர்களும் ஊதுகொம்பு ஊதவும் நாய்களின் போக்கை அறியவும் கற்றனர், நாய்களைத் திசைதிருப்புவதற்காக.

அரசு அமைத்த பர்ன்ஸ் விசாரணைக் குழு 2000ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தது. வேட்டை நரியின் நலனைக் கடுமையாகப் பாதிக்கிறது என்று அது கண்டது; சுடுதல் போன்ற பிற கொல்முறைகளிலும் துன்பம் உண்டு என்பதையும் சுட்டியது. ஸ்காட்லாந்து 2002இல் முதலில் தடை விதித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தடைக்கு எதிராக லண்டனில் 4 லட்சம் பேர் பேரணி சென்றனர். மேலவை எதிர்த்தபோதும், இங்கிலாந்துக்கும் வேல்சுக்குமான வேட்டைச் சட்டம் 2004 நவம்பரில் நிறைவேறி, 2005 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வந்தது. அயர்லாந்துக் குடியரசிலும் வட அயர்லாந்திலும் இத்தகைய தடை அப்போது வரவில்லை.

சட்டத்துக்குப் பிந்தைய புதியவர்

தடைக்குப் பின் குழுக்கள் பலவும் கலைந்துவிடவில்லை. முன்கூட்டியே நிலத்தில் இழுத்துச் செல்லப்பட்ட செயற்கை மோப்பத் தடத்தை நாய்கள் தொடரும் ‘தட வேட்டை’க்கு அவை மாறின. கூடும் இடம், மாஸ்டருக்கான வணக்கம், சிவப்பு நாடா, பச்சை நாடா எல்லாம் அப்படியே தொடர்ந்தன. தடத்தைப் பின்பற்றுவது போலக் காட்டி உயிருள்ள நரியையே துரத்துகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் தொடர்ந்தது. இதனால் தட வேட்டையையும் தடைசெய்வோம் என்று 2024 தேர்தலில் தொழிற்கட்சி வாக்குறுதி அளித்தது.

விலங்கு சம்பந்தப்படாத வழிகளும் உள்ளன. விலங்கல்லாத வேறு மணத்தைத் தொடரும் ‘இழுவை வேட்டை’யும், ஓடும் மனிதரின் மோப்பத்தை நாய்கள் தொடரும் வேட்டையும் பழைய காலத்திலிருந்தே வழக்கில் உள்ளவை. வேகம், வேலி, நாய்களின் குரல் ஆகியவற்றுக்காக மட்டும் வருபவருக்கு இவை போதுமானவை.

பெக்ஃபோர்டின் காலத்துப் புதியவர் கற்க வேண்டியிருந்தது நாயையும் குதிரையையும் மாஸ்டரின் விருப்பத்தையும்தான். ஜாரக்ஸின் காலத்தில் அதனோடு வர்க்கத்தின் நடைமுறையும் சேர்ந்தது. இன்றைய புதியவர் குதிரையில் ஏறுமுன்பே சட்டத்தையும், தாம் சேரும் குழு அதை எவ்வளவு நேர்மையாகப் பின்பற்றுகிறது என்பதையும் அறிய வேண்டியுள்ளது. குதிரை மீது எப்படி அமர்வது என்பதைப் பிறர் கற்றுத்தர முடியும். எந்த வேட்டையில் சேர்வது என்பதை அவரவரே முடிவு செய்ய வேண்டும்.